அப்பாவும் எழுத்துக் கலியாணமும்

அப்பாவை நினைத்தால், வுப்பர்டால் நகரத்துத் திருமணப் பதிவு அலுவலகத்தின் வாசற்படியில் அவர் நிற்பதுதான் எனக்கு முதலில் கண்ணுக்குள் வரும். சாம்பல் நிறக் கோட்டு, அம்மா பின்னிய மண்ணிறச் சால்வை, கையில் ஒரு டப்பா கற்கண்டு. உள்ளே யாரோ ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் பையனுக்கும் பதிவு அப்போதுதான் முடிந்திருக்கும். பெண் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவாள். பையன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளைவிட்டு ஓரடி தள்ளி நிற்பான். அலுவலகத்து அம்மாள் இருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துவார். அப்பா எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்து முடித்த பிறகு, சிரிக்காமல், மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்வார்: "தம்பி, இது ஜேர்மன்காரன்ரை கலியாணம். எங்கட கலியாணம் இன்னும் நடக்கேல்லை. விளங்குதோ?" மாப்பிள்ளை "ஓம் அண்ணை" என்பான். பெண்ணின் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தன் காரை நோக்கி நடப்பார். பையன் வேறு காரில் ஏறுவான்.

எங்கள் ஆட்கள் பதிவுத் திருமணத்தை எழுத்து என்பார்கள். எழுத்து முடிந்தால் சட்டத்துக்கு நீங்கள் கணவன் மனைவி. ஆனால் வீட்டாருக்கும் கோயிலுக்கும் அது ஒரு கையெழுத்து மட்டும்தான். நல்ல நாள் பார்த்து, மண்டபம் எடுத்து, மணவறை வைத்து, ஐயர் வந்து தாலி கட்டும்வரை பெண் தாய் வீட்டில் இருப்பாள். அந்த இடைவெளி சில வாரமாகவும் இருக்கும், ஒரு வருடமாகவும் இருக்கும். வுப்பர்டாலில் என் சிறுவயதில் எழுத்து என்றால் எல்லோரும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். அவர் ஒரு உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கோயில் நிர்வாகசபையிலும் இருந்தார். ஜேர்மன் மொழி சரளமாக வராது, ஆனால் பயமில்லாமல் பேசுவார். எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் அவருடைய மகள் நானும் கூடப் போவேன். எனக்குக் கற்கண்டு மேல் ஆசை.

ஒரு சோடி எழுத்து முடிந்த சில நாட்களிலேயே ரயில் நிலையத்தில் கைகோத்துக்கொண்டு திரிந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். பெண்ணின் தாய் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். அப்பா மாப்பிள்ளைக்கு எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "அண்ணை, அவ என்ரை மனுசி. சட்டப்படி" என்று அந்தப் பையன் சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. அப்பா பொறுமையாகச் சொன்னார்: "சட்டப்படி மனுசிதான் தம்பி. சாமிப்படி இன்னும் இல்லை." உலகத்தை இரண்டு பேர் ஆள்கிறார்கள், ஒருவர் சட்டம், மற்றவர் சாமி, எங்கள் வீட்டில் சாமியின் கைதான் ஓங்கியிருக்கிறது என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். பிறகு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், இந்த நாட்டில் நூறு வருடத்துக்கும் மேலாகத் திருமணம் அரசாங்கத்தின் காரியம், தேவாலயத்தில் செய்யும் திருமணத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்று படிப்பித்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "நல்லதுதானே. அவையவை அவையவையின்ரை வேலையைப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், பரீட்சைக்குப் பயம், தொலைபேசி மணிக்குக்கூடப் பயம். ஆனால் பதினைந்து வயதில் வந்து சேர்ந்த பயம் இவை எல்லாவற்றையும் சின்ன விளையாட்டாக்கிவிட்டது. தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்து வாங்கில் இருந்த பெண்ணைப் பார்க்கும்போது என் நெஞ்சு ஏன் அப்படி அடிக்கிறது என்று எனக்கு விளங்கிய நாளில் வந்த பயம் அது. அதற்குப் பிறகு கோயிலில் யாராவது அம்மாவிடம் ஏதாவது இரகசியம் பேசினால், அது என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொள்வேன். திருவிழாவுக்கு வரும் அன்ரிமார் "பிள்ளைக்கு எப்ப எழுத்து?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருக்க எனக்குத் தாடை வலிக்கும்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்யலாம் என்று பாராளுமன்றம் வாக்களித்த நாளில் நான் வீட்டில் இருந்தேன். பேர்லினில் மருந்தாளர் படிப்பு முடித்து, வேலைக்குச் சேர்ந்து, விடுமுறைக்கு வந்திருந்தேன். தொலைக்காட்சியில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்பா சோபாவில் இருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கத் துணியவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவங்கட சட்டம். அவங்கள் எழுதட்டும்" என்றார். பிறகு வேறு அலைவரிசைக்கு மாற்றினார். நான் குளியலறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் ஓரத்தில் இருந்தேன். அவர் சொன்னது எனக்குக் கதவைத் திறந்ததா, பூட்டியதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

என் மனைவியை நான் சந்தித்தது பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில், நான் வேலை செய்யும் மருந்துக்கடையில். மதுரைக்காரி. ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜேர்மன் மொழி அவளுக்கு அரைகுறை. இருமல் மருந்தின் அளவை வாய்க்குள் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு நான் தமிழில் பதில் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பயம் என்பது காய்ச்சல் தடிமன் மாதிரி எப்போதாவது வந்து போகும் ஒன்று. சுரங்க ரயிலில் எங்கோ தமிழ்க் குரல் கேட்டால் நான் அவள் கையை உதறிவிடுவேன். "எதுக்கு இப்படிப் பயப்படற? அவங்க யாருன்னே உனக்குத் தெரியாதே" என்பாள். "எனக்குத் தெரியாது. அவைக்கு அப்பாவைத் தெரியும்" என்பேன். முதலில் அவள் சிரித்தாள். இரண்டு மூன்று வருடத்தில் அவளும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். தமிழ்க் குரல் கேட்டதும் அவள் கையே தானாக விலகத் தொடங்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவும் கவலையாகவும் இருந்தது.

அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிற காலம் நெருங்கியது. புதுப்பிக்கமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் அவள் திரும்பிப் போக வேண்டும். அவள் நாட்டில் எங்களைப் போன்றவர்கள் நீதிமன்றம்வரை போய்க் கேட்டிருந்தார்கள், நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அங்கே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யாருமில்லை. என் அப்பா பிறந்த நாட்டில் அதைவிட மோசம், அங்கே இது குற்றம். இங்கே மட்டும், இந்தக் குளிர் நாட்டில் மட்டும், ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு கையெழுத்து வைத்தால் எங்களை யாரும் பிரிக்க முடியாது. எழுத்து வைப்பதென்று முடிவெடுத்தோம். முடிவெடுத்த பிறகு சந்தோசம் வரும் என்று பார்த்தால், எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தியாவிலிருந்து வரும் சான்றிதழ்களை இங்குள்ள அதிகாரிகள் அப்படியே நம்புவதில்லை. அங்கே ஒரு வக்கீலை நேரில் அனுப்பி, இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகிவிட்டதா என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள். மதுரையில் அவளுடைய தெருவில் யாரோ ஒருவர் கதவைத் தட்டி, உங்கள் மகள் ஜேர்மனியில் ஒரு பெண்ணைக் கட்டப்போகிறாள் என்று சொல்லிவிட்டால்? அவளுடைய அண்ணன் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவான் என்று அவள் சொன்னாள். ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் அவள் எடுப்பதற்கு முன் என்னைப் பார்ப்பாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா கூப்பிட்டார். "யாரோ ஒருத்தர் வந்து உனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டாருடி. ஆகலைங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கோம்னு சொன்னேன். எதுக்குடி கேக்கறாங்க?" அவள் "வேலைக்கும்மா" என்றாள். குரல் பிசிறவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு சமையலறைத் தரையில் இருந்து அழுதாள்.

இனி அப்பா. அவருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுத்து என்றால் அப்பா. ஊரில் உள்ள எல்லோருக்கும் வாசற்படியில் நின்றவருக்கு, தன் மகளின் எழுத்தை மூன்றாம் ஆள் சொல்லித் தெரியவந்தால் அந்த மனுசன் எப்படித் தாங்குவார்? வுப்பர்டாலுக்குப் போய், கடைக்குப் போவோம் என்று அவரை அழைத்துக்கொண்டு தொங்கு ரயிலில் ஏறினேன். ஆற்றுக்கு மேலே, தண்டவாளத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும் ரயில் அது. வீட்டில் சொன்னால் அவர் சத்தம் போடுவார், அம்மா அழுவா. ரயிலில் சுற்றிவர ஜேர்மன்காரர்கள், மானத்துக்குப் பயந்து சத்தம் போடமாட்டார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆற்றைப் பார்த்தபடி சொன்னேன். "அப்பா, நான் எழுத்து வைக்கப்போறன். பொடியன் இல்லை. ஒரு பிள்ளை. மதுரைப் பிள்ளை."

ரயில் வளைவில் ஆடியபோது அப்பா கம்பியைப் பிடித்தார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்னமே ஒரு நிலையத்தில் கதவு திறந்ததும் எழுந்து இறங்கிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழும்பவில்லை. கதவு மூடிய பிறகு மேடையில் அவருடைய சாம்பல் கோட்டு சனத்துக்குள் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே பேர்லினுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் எடுப்பா. "அப்பா ஒழுங்காச் சாப்பிடுறார் இல்லை பிள்ளை. என்ன கதைச்சனீ?" என்று கேட்பா. நான் "ஒண்டுமில்லை அம்மா" என்பேன். அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு மணி அடித்தது. அப்பா தனியாக ரயிலேறி வந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. சமையலறையில் கதிரையின் நுனியில் இருந்தார். அவள் தேநீர் வைத்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல் "எந்த இடம் பிள்ளை?" என்றார். "மதுரைங்க. கோயில்கிட்டதான் வீடு." "ம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு ஒண்டு சொல்லோணும். ஊரிலை அம்மாவுக்கு நான் தாலிதான் கட்டினது. எழுத்து இல்லை. சண்டை நேரம், எழுத்துப் பதியிற அரசாங்கக் கச்சேரி பூட்டிக் கிடந்தது. ஒரு பிள்ளையார் கோயில், ஒரு ஐயர், அவ்வளவுதான்."

இது எனக்குத் தெரியாது. அவர்களுடைய திருமணம் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அப்பா மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. அப்படியென்றால் நீங்கள் தனி ஆள், இந்த அம்மாவும் தனி ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பாவை ஒரு ஊரில் இருந்த அகதிகள் விடுதிக்கும் அம்மாவை இன்னொரு ஊரில் இருந்த விடுதிக்கும் அனுப்பினார்கள். அனுமதி இல்லாமல் அந்தந்த ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அம்மாவின் வயிற்றில் நான். அப்பா பொறுக்க முடியாமல் ரயிலேறி அம்மாவின் விடுதிக்குப் போக, வாசலிலேயே பிடிபட்டார். அம்மா ஓடிவந்து, சட்டைக்குள் இருந்த தாலிக்கொடியை வெளியே எடுத்து, அந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தா.

"அவன் கிட்ட வந்து பாத்தான் பிள்ளை. நல்ல மனுசன். கெட்டவன் எண்டு சொல்லமாட்டன். 'வடிவான சங்கிலி' எண்டான். சொல்லிப்போட்டு என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ரயிலிலை ஏத்திவிட்டான்."

அப்பா தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், நீ இஞ்சை அப்பன் பேரில்லாமல் பிறப்பாய் எண்டு பயந்தன். ஷெல் விழேக்கையும் அப்பிடிப் பயப்பிடேல்லை. பிறகு ஒரு மாதிரி எழுத்து வைச்சு, கையோடை நீ பிறந்தாய். அதுதான் ஆர் கலியாணம் எண்டு வந்தாலும் முதல் எழுத்தை முடியுங்கோ எண்டுறனான். சாமி கைவிடாது. ஆனா சாமிக்கு இஞ்சை விசா இல்லை." அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துத் தமிழ் அவளுக்கு முழுக்க விளங்கியிருக்காது, ஆனால் விசா என்ற சொல் விளங்கியது. இத்தனை வருடமாக அவர் வாசற்படியில் சொன்னதைச் சட்டத்தின்மீது இருந்த இளக்காரம் என்று நினைத்திருந்தேன். சட்டத்தின் ஒரு கையெழுத்து இல்லாமல் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. "உங்களுக்கு எப்ப எழுத்து?" என்று கேட்டார். சொன்னேன். "பிந்தவேண்டாம். இந்தப் பிள்ளையின்ரை விசா முடிய முதல் முடியுங்கோ. ஆனா மகள், கோயில் சனத்துக்குத் தெரியக்கூடாது. அது என்னாலை ஏலாது." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

எழுத்துக்கு அவர் வரவில்லை. நொய்கெல்னில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவளுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கூடத்துத் தோழிகள் சிலர் பார்க்க நாங்கள் கையெழுத்து வைத்தோம். அப்பாவின் தொலைபேசி வந்தபோது நாங்கள் இன்னும் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. "முடிஞ்சுதோ?" "ஓம் அப்பா." "ரெண்டு பேரின்ரை பேரும் பிழையில்லாமல் எழுதினவங்களோ? வடிவாப் பாத்தனியோ?" "பாத்தனான் அப்பா." "சரி. வை." அவ்வளவுதான். என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். பேர் சரியா என்று கேட்டார் என்றேன். அவள் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டம் எங்களை ஒன்றாக்கியது. வுப்பர்டாலில் நாங்கள் வேறு வேறு ஆட்கள். அவள் என்னோடு வந்தால் "மகளோடை இருக்கிற இந்தியாப் பிள்ளை" என்று அப்பா அறிமுகப்படுத்துவார். அம்மாவுக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டா, அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைப்பா. மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் நாங்கள் ரயிலைவிட்டு இறங்குவோம். கோயில் பக்கம் போகவே மாட்டோம். தேர்தல் வரும்போதெல்லாம் அப்பா கூப்பிடுவார். வெறுப்பைப் பேசும் கட்சிக்கு இத்தனை வாக்கு, அத்தனை வாக்கு என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள், உடனே எங்கள் தொலைபேசி அடிக்கும். "பிள்ளை, உங்கட எழுத்தை இவங்கள் அழிக்க ஏலுமோ?" "ஏலாது அப்பா." "உனக்கு வடிவாத் தெரியுமோ?" "தெரியும் அப்பா." எனக்குத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்களுக்கு அழிக்கவும் தெரியும் என்றுதான் எனக்கு உள்ளுக்குள் ஓடும். இப்போது அப்பா இல்லை. தேர்தல் இரவுகளில் நானும் அவளும் தொலைக்காட்சிக்கு முன்னால் வாக்குக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது, அப்பா பிழைத்தார், அதன் பிறகு ஒரு வருடம்போல இருந்தார். அந்த வருடம் கோயில் நிர்வாகசபையில் அவருடைய பெயர் இருக்கவில்லை. ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எழுத்துக்குக் கூப்பிடுவதையும் ஆட்கள் மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார்கள். திருவிழாவுக்குப் போனால் பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவார் என்று அம்மா சொன்னா. இதற்கெல்லாம் காரணம் அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் மத்தியானம் நடந்ததுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் அனுமதி. நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். கோயில் நிர்வாகசபைத் தலைவர் கதிரையில் இருந்தார். வாசலில் தாதி கேட்டபோது நோயாளியின் சகோதரன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தார். நம் ஆட்களுக்கு அது பொய்யே இல்லை, எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன் தம்பிதான். திருநீறு மடித்திருந்த கடதாசிச் சரையை விரித்து அப்பாவின் நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார். என் மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள். சட்டப்படி அந்த இடத்தில் உள்ளே வரக்கூடிய உறவு தலைவர் இல்லை, அவள்தான். ஆனால் யாரென்று கேட்டால் தோழி என்று சொல்லச் சொல்லி நாங்கள் எல்லோரும் அவளைப் பழக்கி வைத்திருந்தோம். அதனால் அவள் உள்ளே வரக் கேட்காமல் வெளியிலேயே நின்றாள்.

தாதி வந்து கதவைக் காட்டினாள். "அந்தப் பெண் யார்? நண்பர்கள் என்றால் போகச் சொல்லுங்கள். நாளை சிகிச்சை முடிந்த பிறகும் உறவினரை மட்டும்தான் விடுவோம்." நான் வாயைத் திறந்தேன். தோழி என்றால் அவளை அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு என்ன நடக்குமோ என்று மருத்துவரே உறுதி சொல்லாத நேரம். அப்பா இரண்டு நாளாக "அந்தப் பிள்ளையும் வருதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். மனைவி என்று சொன்னால், தலைவருக்கு ஜேர்மன் மொழி என்னைப்போலவே தெரியும். அப்பா இத்தனை வருடம் கட்டிக்காத்தது அந்த ஒரு சொல்லில் போய்விடும், அதுவும் அவர் எழுந்து நிற்க ஏலாமல் படுத்திருக்கும் நாளில். தாதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா மூக்கில் இருந்த குழாயைக் கையால் கொஞ்சம் தள்ளினார். தலைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தாதியிடம், தொழிற்சாலையில் பழகிய அந்த உடைந்த ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அது என் மருமகள். என் மகளின் மனைவி. உள்ளே விடுங்கள்."

தாதிக்கு அது ஒரு செய்தியே இல்லை. "சரி" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். தலைவரின் விரலில் இருந்த திருநீறு போர்வையில் உதிர்ந்தது. அவர் சரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, உள்ளே வந்தவளையும் பார்க்கவில்லை. "அப்ப நான் வாறன் அண்ணை" என்று எழுந்து போனார். அப்பா கண்ணை மூடியபடி "போயிட்டாரோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன். பக்கத்தில் இருந்த இயந்திரம் கூவத் தொடங்கியது, திரையில் இதயத் துடிப்பின் எண் ஏறிக்கொண்டு போனது. தாதி ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். "நோகிறதா?"

"இல்லை. பயமாக இருக்கிறது" என்றார் அப்பா.

தாதி அறுவைச் சிகிச்சைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். "பயப்படாதீர்கள், நாளைக்கு எல்லாம் நல்லபடி முடியும்" என்று அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். அப்பா கையை நீட்டி, மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.